பெட்டிக்குள் ஒரு சிரிப்பு

பேய் வந்து நின்றது. ஒருவரும் பயப்படவில்லை.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஒரு சமூக மண்டபம். ஜன்னல்களில் கறுப்புத் துணி. வெளியே சனிக்கிழமைப் பிற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்தபடி கல்லூரிப் பிள்ளைகள் திமோத்தியின் பேய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியேட்டருக்குப் போகும் முன் நாடி பிடித்துப் பார்க்கும் காட்சி அது.

திமோத்தி திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். இது அவனுடைய இரண்டாவது படம். முதல் படத்தின் பேயைப் பார்த்து ஜொகூர் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவையும் சிரித்தால் தியேட்டர் பக்கமே கொண்டுபோக மாட்டேன் என்று விநியோகஸ்தர் கமலநாதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "அலறணும் தம்பி. அலறலன்னா மறுபடியும் கல்யாண வீடுதான் லா."

அலற வேண்டியவர்கள் அலறவில்லை. பின்னணி இசை தணிந்த உடனேயே எல்லோரும் உஷாரானார்கள். முன் வரிசையில் ஒரு பெண் விரல்களால் கண்ணைப் பொத்தி, இரண்டு கட்டை விரல்களையும் காதில் செருகிக்கொண்டாள். இசை நின்றால் அடுத்தது 'டமால்' என்று அவளுக்குத் தெரியும். பேய், பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி வந்து நின்றுவிட்டுப் போனது. அவள் கண்ணைத் திறக்காமலே பக்கத்துத் தோழியை இடித்துக் கேட்டாள்: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, திற."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? திமோத்தியின் அப்பா காலத்தில் கோத்தா திங்கித் தோட்டத்துத் திடலில் திரை கட்டி மலாய்ப் படம் போடுவார்கள். தலைமுடியை விரித்துக்கொண்டு பொந்தியானாக் என்ற பெண்பேய் திரும்பிப் பார்த்தால் திடல் மொத்தமும் மூச்சை அடக்கும். படம் விட்டால் தனியாக வீடு திரும்ப ஒருவருக்கும் துணிச்சல் இருக்காது. அவள் ஏற்கெனவே தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலிருக்கும் வாழைத்தோப்பில் இருந்தாள். படம் அவளைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பிறகு தமிழ்நாட்டிலிருந்து வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் வந்தன, பாட்டோடு. அது பழகிப்போனதும் ரத்தம். ரத்தமும் சலித்தபோது ஜப்பான்காரர்களின் ஈரத் தலைமுடி. அப்புறம், இது நிஜமாகவே நடந்தது என்று சத்தியம் செய்யும் ஆடுகிற கேமரா. கடைசியில் பேய் காமெடி நடிகர்களோடு சேர்ந்து குத்தாட்டமே போட்டுவிட்டது. இப்போது மிச்சமிருப்பது எல்லாம் தெரிந்த ஒரு கூட்டம். பயப்பட அவர்கள் வருவதில்லை. பேய் சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வருகிறார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

சவப்பெட்டிக் காட்சி வந்தது. பெட்டிக்குள் இளம்பெண். பவுடர் அப்பிய முகம், மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. இசை கிடையாது. பிள்ளைகளில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிணம் கண்ணைத் திறந்தது.

நேராகப் பார்த்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பதுபோல. பிறகு சிரித்தது. பேய்ச் சிரிப்பு இல்லை. நெடுநாள் கழித்துச் சொந்தக்காரர் வந்தால் வாசலில் நின்று சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

திரை இருண்டது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குச் சத்தமே இல்லை. யாரோ கையிலிருந்த ஐஸ் மைலோ டம்ளரை நழுவவிட, அந்தச் சத்தத்தில் மண்டபமே அலறியது. ஒருவன் வாசலைத் தேடி ஓடி, நாற்காலி தடுக்கி விழுந்தான். முன் வரிசைப் பெண் கண்ணைப் பொத்த நேரமில்லாமல் அழ ஆரம்பித்திருந்தாள்.

கமலநாதன் திமோத்தியின் தோளை இறுகப் பிடித்தார். "இதுதான்டா படம்."

அந்த மண்டபத்திலேயே அதிகம் பயந்தவன் திமோத்திதான். அந்தச் சிரிப்பு படத்தில் இருக்கவே கூடாத ஒன்று.

*

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரைக் காட்சி முடிந்ததும் அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டார்கள். கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லி, அதையும் எடுப்பார்கள். செத்தது நடிப்பு, சிரிப்பது நிஜம் என்று கேமராவுக்கே சொல்லிவிடும் பரிகாரம். அந்தச் சிரிப்பைப் படத்தில் சேர்க்க மாட்டார்கள். கொஞ்ச காலம் சென்னையில் வேலை செய்துவிட்டு வந்த கேமராமேன் மனோகரன், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

பெட்டியில் படுத்த பெண் அபிகெயில். செனாய் தொழிற்சாலை ஒன்றில் வேலை, கோயில் கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடிப்பு. அம்மா இல்லாத பெண். அப்பா செபஸ்தியன் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாசாயில் தன் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் ஜெபமாலை சொல்லித் தருபவர். மகள் சவப்பெட்டியில் படுக்கப் போகிறாள் என்றதும் முடியவே முடியாது என்றார். மனோகரன்தான் அவரிடம் சிரிப்பு வழக்கத்தை விளக்கினார். செபஸ்தியன் ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி. ஆனா சிரிக்க வெக்காம என் பொண்ண அந்தப் பெட்டியில இருந்து எழுப்பக் கூடாது."

படப்பிடிப்பு முடிந்த அடுத்த மாதம், மழை பெய்த ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் அபிகெயிலின் மோட்டார் சைக்கிள் நெடுஞ்சாலையில் ஒரு கொள்கலன் லாரிக்கு அடியில் போனது.

நிஜப் பெட்டி, நிஜப் பஞ்சு, நிஜ மாலை. கோயிலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற திமோத்தி, அவள் இப்போது சிரிப்பாள் என்று பைத்தியக்காரன்போல் காத்திருந்தான். கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் செபஸ்தியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தார். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு சிரிச்சாளா தம்பி?"

"சிரிச்சா அங்கிள்."

"நல்லா சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சா."

செபஸ்தியன் தலையாட்டினார். பெட்டியில் படுக்கச் சம்மதம் கொடுத்த கை அவருடையது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், மகளைச் சாவுக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். அது அவருடைய கணக்கு. அந்த ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்று மயானத்தை விட்டு நடந்து வெளியே போனார்.

*

தவறு சின்னது. பிணக் காட்சியையும் சிரிப்பையும் மனோகரன் கேமராவை நிறுத்தாமல் ஒரே வீச்சில் எடுத்திருந்தார். படத்தொகுப்பாளர் சாந்தினி, சோதனைக் காட்சிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வால் பகுதியை வெட்ட மறந்துவிட்டாள். அதனால்தான் அங்கே இசை இல்லை; அதனால்தான் ஒருவராலும் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை சாந்தினி அதை வெட்டப் போனாள். கமலநாதன் தடுத்தார். அதை அப்படியே விட்டு, நிறத்தை மட்டும் கொஞ்சம் பச்சையாக்கி, அடியில் லேசாக ஒரு முனகலைச் சேர்க்கச் சொன்னார். முன்னோட்டத்திலும் அதுதான் வர வேண்டும் என்றார். இல்லையென்றால் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தன் வார்த்தையைத் தானே ரசித்துச் சிரித்தார்.

சாந்தினி அவர் போகும்வரை காத்திருந்து திமோத்தியிடம் திரும்பினாள். "அண்ணே, அந்தச் சிரிப்ப எதுக்கு எடுத்தோம்? அவ கதைய விட்டு வெளிய வந்துட்டான்னு காட்டத்தான? அதைத் தூக்கிக் கதைக்குள்ளயே போட்டா என்ன அர்த்தம்? எழுந்து வந்தவளத் திரும்பப் படுக்க வெக்கிறீங்க."

"அது வெறும் சம்பிரதாயம்மா."

"அப்படின்னா செபஸ்தியன் அங்கிள்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அவர் சரின்னா நானே பச்சையாக்கித் தர்றேன்."

நியாயமான பேச்சு. திமோத்தி கிளம்பினான். செபஸ்தியனின் மாசாய் அடுக்குமாடி வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

செபஸ்தியன் கதவைத் திறந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது, பாதி ஆளாகியிருந்தார். அபிகெயிலின் ஹெல்மெட் இன்னும் செருப்பு அலமாரிமேல் இருந்தது. திமோத்தி உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், ஒத்திகை பார்த்த முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னான்.

"அங்கிள், அபியோட அந்தச் சிரிப்பு படத்துல வருது."

செபஸ்தியனின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஏதோ எரிந்தது. மயானத்துக்குப் பிறகு அந்த முகத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஸ்கிரீன்லயா? அவ்ளோ பெருசாவா?"

"ஆமா அங்கிள், ஆனா..."

அந்த 'ஆனா' அவர் காதில் விழவில்லை. எழுந்து திமோத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வழக்கப்படி அதை யாரும் சேர்க்க மாட்டார்களே, என் பொண்ணுக்காகச் சேர்த்தியா என்று கேட்டார். அன்பியத்தில் எல்லோரிடமும் சொல்வதாகவும், முதல் காட்சிக்கே வேன் பிடித்து வருவதாகவும் சொன்னார். மகள் இறந்த பிறகு அவர் போடும் முதல் திட்டம் அது.

திமோத்தி அந்தக் கைகளுக்குள் உட்கார்ந்திருந்தான். அது எப்படிப்பட்ட சிரிப்பாக வருகிறது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். போனில் சொல்லவில்லை. சாந்தினியிடம், அங்கிள் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் சொன்னான். அது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் அதில் மோசம்.

சாந்தினி பச்சையாக்கிக் கொடுத்தாள்.

*

ஜொகூர் பாரு பேரங்காடித் தியேட்டரில் ஞாயிறு பிற்பகல் முதல் காட்சி. பூசை முடிந்து அப்படியே வந்திருந்தார்கள் மாசாய்க் கத்தோலிக்கர்கள். பட்டுப் புடவையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, யாரோ வீட்டுப் பிள்ளையின் புதுநன்மை விழாவுக்கு வந்த மாதிரி இருந்தார்கள். செபஸ்தியன் முழுக்கைச் சட்டையில் நடுவரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்கார்ன் வாளி. யாரோ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் அதைப் பூசைப் பாத்திரம் மாதிரி இரு கைகளாலும் பிடித்திருந்தார். முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயப்படவே வந்த இளசுகள் மற்ற இருக்கைகளை நிரப்பியிருந்தார்கள். செபஸ்தியனிடம் சாதாரண போன்தான். முன்னோட்டத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேருக்கும் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

திமோத்தி வாசல் ஓரம் நின்றான். இப்போதாவது போய்ச் சொல்லிவிடலாம். நாலு வரிசை இறங்கினால் போதும். விளக்கு அணைந்தது.

படம் ஓடியது. செபஸ்தியன் பாப்கார்னைத் தொடவில்லை. அபிகெயில் வந்த சின்னச் சின்னக் காட்சிகளில் அன்பியத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டார்கள்.

பெட்டிக் காட்சி வந்தது. முகம் மண்டப அளவுக்குப் பெரிதாக, பாசி படிந்த நிறத்தில். செபஸ்தியன் இருக்கையின் நுனிக்கு வந்தார். காத்திருந்தார்.

கண் திறந்தது. சிரித்தது.

தியேட்டர் கிழிந்தது. இளசுகளின் அலறல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஐயோ, அலமாக் என்று ஒருவன் கத்தினான். ஒருத்தி தன் காதலனின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நடுவரிசையில் மட்டும் யாரும் அலறவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் கல்லறைக்குத் தூக்கிச் சுமந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இருட்டில், வயதான ஒரு பெண் குரல் இறந்தவர்களுக்கான ஜெபத்தை ஆரம்பித்தது. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்கள். குரல்கள் சேர்ந்தன. ஒரு வரிசை முழுக்க, திரையைப் பார்த்தபடி, முணுமுணுவென்று.

மற்றவர்கள் அது படத்தின் சத்தம் என்று நினைத்தார்கள். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, நடுவிலிருந்து வருகிறது என்று புரிந்ததும் இரண்டாவது அலறல் எழுந்தது. முதலாவதைவிடப் பெரியது. சிலர் படியேறி ஓடினார்கள். ஓடாதவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். திரையையும் எடுத்தார்கள், ஜெபிக்கிறவர்களையும் எடுத்தார்கள்.

*

எஸ்கலேட்டர் பக்கத்துப் பெஞ்சில் செபஸ்தியன் உட்கார்ந்திருந்தார். பாப்கார்ன் வாளி இன்னும் மடியிலேயே. அன்பியத்துக்காரர்கள் கொஞ்சம் தள்ளிக் கூடி நின்றார்கள். படம் விட்டு வந்த பிள்ளைகள் அவரைக் கடந்து போனார்கள். ஒருவன் தோழிகளிடம் கண்ணை அகல விழித்து, தலையை மெல்லச் சாய்த்து, அபிகெயில் மாதிரி சிரித்துக் காட்டினான். அவர்கள் கிறீச்சிட்டு ஓடினார்கள்.

திமோத்தியின் கைபேசி அடித்தது. கமலநாதன். குரலில் தீபாவளி. அந்த ஜெபக் கூட்டம் யார் யோசனை, இன்டர்நெட்டே பற்றி எரிகிறது, கூலாய் ஊர்க் காட்சிக்கும் அதே ஆட்களை ஏற்பாடு பண்ண முடியுமா, சம்பளம் வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். சிரிப்பை எடுத்துவிடலாம் அண்ணே என்று திமோத்தி சொன்னான். கமலநாதன் சிரித்தார்.

"எதை எடுப்ப? அது இப்ப ஊர்ல உள்ள எல்லா போன்லயும் இருக்குடா."

திமோத்தி போனை அணைத்துவிட்டு செபஸ்தியனின் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொண்டை வரை கொண்டுவந்தான். அவர் முந்திக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. ஏதோ விடுகதைக்கு விடை கேட்பவர்போலக் கேட்டார்.

"ஏன் தம்பி பயந்தாங்க? என் பொண்ணப் பாத்து எதுக்குப் பயந்தாங்க?"

"அது அவ சிரிப்பு இல்ல அங்கிள். நாங்கதான் நிறத்த மாத்தி, சத்தம் சேத்து... நிஜமானது என்கிட்ட இருக்கு. பாருங்க. நீங்க பாக்கணும்."

கைபேசியில் மூலக் காட்சியைத் தேடி எடுத்தான். பச்சை கிடையாது, முனகல் கிடையாது. வெளிச்சமான அறையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மாலையோடு அபிகெயில் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். பஞ்சு அரிக்கிறது அண்ணே என்று மனோகரனிடம் புகார் சொன்னாள். இந்த மாலையை யார் கட்டினது, எறும்பு கடிக்குது லா என்றாள்.

செபஸ்தியனின் உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கப் போகிறார் என்று திமோத்திக்குத் தோன்றியது. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

கைபேசிக்குள் மனோகரனின் குரல் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னது. அபிகெயில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அறைச் சத்தம் அடங்கியது. மின்விசிறிகூட நின்றது.

அந்த அமைதியில் செபஸ்தியனின் கைகள் தாமாகவே எழுந்தன. விரல்கள் கண்ணைப் பொத்தின. கட்டை விரல்கள் காதுக்குள் போயின. வாளி சரிந்து பாப்கார்ன் தரையெல்லாம் சிதறியது.

கைபேசியில் அபிகெயில் கண்ணைத் திறந்தாள். வாசலில் நின்று வரவேற்பவள்போல நல்லாச் சிரித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த திமோத்தியைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, எங்கப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் சிரிச்சுட்டேன்."

காட்சி நின்றது. செபஸ்தியன் கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா தம்பி?"

திமோத்தி அவர் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினான். அவள் என்ன சொன்னாள் என்பதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னான். திரும்பப் போட்டுக் காட்டுகிறேன், ஒரே ஒரு தடவை பாருங்கள் என்றான்.

செபஸ்தியன் கைபேசியைப் பார்க்கவில்லை. எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, காத்திருந்த தன் ஆட்களைப் பார்த்தார்.

"நீ சொன்னா நம்புறேன்" என்றார். "ஆனா காட்டாத."